பின்பக்கத்து வலது ஸ்பீக்கர்

மகனுக்கு,

சுகமா என்று கேட்பதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். போன கடிதத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு முதலில் பதில் எழுதாவிட்டால், என் கை வேறெதையாவது எழுதித் தப்பித்துக்கொள்ளும். "அந்த ஆம்ப்ளிஃபையரை வித்தாச்சாம்மா? வித்துட்டா ஒரு வரி எழுது, உனக்கு பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துடறேன்" என்று கேட்டிருந்தாய். விற்றேன் மகனே. அது என் கையை விட்டுப் போனது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது என் எதிரில், பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உன் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடாதே. காலையில்தான் பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரனோடு ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. நல்ல வெயில் அடிக்கிறது. இந்த வெளிச்சத்தில் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

அது இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கப்பலில் எலெக்ட்ரீஷியனாக உலகத்தைச் சுற்றிவிட்டு, இனி கடலே வேண்டாம் என்று உன் நைனா சித்தூருக்குத் திரும்பியபோது, ஜப்பானில் வாங்கிய அந்த மரப்பெட்டியும் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது. எனக்கு ஒரு சேலையும் உனக்கு ஒரு பேனாவும்தான் மிச்ச சாமான். மற்றதெல்லாம் அதுதான். நாலு சேனல், நாலு ஸ்பீக்கர், பாட்டுப் பதிய ஒரு டேப் மெஷின், நம் ஊர் கரண்டை அதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்க இரும்புக் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சித்தூரில் அப்போது ரேடியோ வைத்திருந்தவனே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். நம் வீட்டு ஹாலில் மூலைக்கு ஒன்றாக நாலு பெட்டி நின்றது. நடுவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நாலும் சரியாகச் சேர்ந்து கேட்கும் என்பார். ஓர் அடி தள்ளினாலும் கெட்டுவிடுமாம். அதனால் அந்த நாற்காலியில் எப்போதும் அவர்தான். நான் சமையலறையில் இருப்பேன். சமையலறை வாசலை ஒட்டி நின்றது பின்பக்கத்து வலது ஸ்பீக்கர். இத்தனை வருஷமும் எனக்குக் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத உனக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்கிற சாமானை வீட்டுக்கு வாங்காதே. வாங்கினால் நாற்காலியை இரண்டாகப் போடு, சத்தம் கொஞ்சம் கெட்டால் கெட்டுப்போகட்டும்.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்க வேண்டும். நம் வீட்டு இரும்பு கேட் திறக்கும்போது ஒரு சத்தம் போடும். அது கேட்டதும் அடுப்படியில் இருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்தாச்சா?" என்பேன். அவருக்கும் அதுதான், உனக்கும் அதுதான். மரியாதைக்கு மரியாதை, செல்லத்துக்குச் செல்லம், ஒரே வார்த்தையில் இரண்டு பேருக்கும் ஆகிவிடும். நீங்கள் இரண்டு பேருமே ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றுவீர்கள், அவர் நாற்காலிக்குப் போவார், நீ பந்தைத் தேடுவாய். அப்போது எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சத்தம் கேட்டது, ஆள் வந்தாயிற்று, சோறு போடு. அவ்வளவுதான்.

ஒரு பண்டிகைக்கு முன்னால் நம் சபைப் பாடகர் குழுவை வீட்டுக்கே அழைத்து வந்து பாட்டுப் பதிந்தாரே, அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நம் கோவிலில் நாலு குரலில் பாடுவது வழக்கமாயிற்றே. அந்த நாலு குரலையும் நாலு சேனலில் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கீழ்க்குரல் அவர். அதற்கு மேலே சாலமோன் அண்ணன். பெண்களில் உச்சக்குரலுக்கு ஒருத்தி, எனக்கு அதற்கு அடுத்தது. என் மைக் மட்டும் சமையலறை வாசலில் இருந்தது. அடுப்பில் குழம்பு, விட்டுவிட்டு வர முடியாது. பாட்டு முக்கால்வாசி முடிந்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற இடத்தில் கேட் சத்தம் கேட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ திருதிருவென்று நின்றாய். எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். மறுபடி முதலிலிருந்து பாடினோம். என் கூப்பாட்டை அழித்துவிட்டதாக உன் நைனா சொன்னார். அந்த டேப் மெஷினும் அவருக்கு முன்பே உயிரை விட்டது, உதிரியாகப் போயிற்று. டேப்புகளில் பூஞ்சை பிடித்தது. மிஞ்சியது இந்த ஆம்ப்ளிஃபையர் மட்டும்தான். "இதுல ஒண்ணும் தங்காது, தண்ணி போற குழாய் மாதிரி. ஒரு பக்கம் வரும், இன்னொரு பக்கம் போவும்" என்று அவரே அடிக்கடி சொல்வார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அவர் போன பிறகு அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். நீ பம்பாய்க்கு வரச் சொன்னாய். உன் வீட்டில் நாலு மூலை இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆம்ப்ளிஃபையருக்கு இடம் ஏது? அதை விற்றால் வருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். பேப்பரில் விளம்பரம் போட்டால் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் வந்தார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்போது எனக்கு ஒரு புத்தி தோன்றியது, நம் சபைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி. அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். உன் நைனா பெயருக்குக் கோவிலுக்கும் ஏதோ சேர்ந்த மாதிரி இருக்கும், எனக்கும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து கோவில் வளாகத்தில் ஏலம் விட்டார்கள். பூசணிக்காய்க்கும் காலைக் கட்டிப் போட்டிருந்த சேவலுக்கும் நடுவில் ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சாலமோன் அண்ணன் கேட்டு எடுத்தார். எனக்கு மனது நிறைந்துவிட்டது. உன் நைனாவின் சாமான் அவருடைய நண்பரிடமே போகிறது, இதைவிட என்ன வேண்டும்?

சில வாரம் கழித்து, பட்டப்பகலில், அதே சாலமோன் அண்ணன் ரிக்‌ஷாவில் ஸ்பீக்கரோடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். நம் சபையில் யார் இறந்தாலும் குளிப்பாட்டிக் கிடத்துவதற்கு முதலில் கூப்பிடுகிற ஆள் அவர்தான். உன் நைனாவுக்குக் கடைசியாகச் சட்டை போட்டுவிட்டதும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"வீட்ல எடம் பத்தல தங்கச்சி. வெச்சிக்க."

"இன்னாண்ணா இது? காணிக்கை வெச்ச சாமானைச் சும்மா திரும்பி வாங்கலாமா? வேணும்னா ஏலத்துல கேட்டுத்தான் எடுக்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக்கினு இருப்பீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், வாங்கிக்க."

"ரிப்பேரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார். செருப்புக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோவிலில் நான் ஸ்தோத்திரம் சொன்னால் பதில் சொல்வார், ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவர் தோள் ஒரு தடவை சிலிர்க்கும். நான் பாடினால் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

காணிக்கையைத் திரும்ப வாங்கினவள் என்று நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் வாய்க்குப் பயந்தே சீக்கிரம் தள்ளிவிட நினைத்தேன். திருப்பதியில் ஒரு லாட்ஜ் மேனேஜர் பாட்டுப் பைத்தியம் என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். வந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். கையோடு கொண்டுவந்த பிளேயரை மாட்டி, நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு ரிகார்டு முழுக்கக் கேட்டார். "சாலா பாகுந்தி மேடம்காரு", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கே வேன் வைத்து எடுத்துப்போய்விட்டார். நான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவருடைய மனைவி சுகுணாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஒருமுறை நேரில் வந்து போகும்படி எழுதியிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் கார்டைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். சாலமோன் அண்ணனின் முகம், இப்போது இந்தக் கார்டு. அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் உன் நைனாவின் குரல் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். பயம் வரவில்லை மகனே, பொறாமைதான் வந்தது. இத்தனை நாள் என்னோடு இருந்தபோது பேசாத மனிதர், யாரோ ஒருத்தி வீட்டில் போய்ப் பேசுகிறாரா என்று ஆத்திரம். பஸ்ஸில் பூதலப்பட்டு, சந்திரகிரி எல்லாம் தாண்டினது எனக்குத் தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கீழ்க்குரலைக் கேட்டுவிட்டால் போதும், பம்பாய்க்கு நிம்மதியாக ரயில் ஏறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவர்கள் வீடு அலிபிரிப் பக்கம். மலையேறப் போகிறவர்கள் கோவிந்தா போடுவது தெருவில் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று, "வீட்ல யாரும்மா?" என்று கூப்பிட்டேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு ஒரு பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள்.

"இன்னொரு தபா பேசுங்கம்மா" என்றாள்.

"இன்னா பேசணும்? நான் சித்தூர்லருந்து வரேன். நீதானே கார்டு போட்ட?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீங்கதானா. நீங்க உசுரோடதான் இருக்கீங்களா?"

அவளுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரு வேலைக்குப் போய்ட்டா நான் ஒண்டியாத்தான் இருப்பேம்மா. மொதல்ல அது ஓடும்போது மட்டும்தான் கேட்டுச்சி. யாரு கேட்டைத் தொறந்தாலும், பின்னாடி இருக்குதே, அந்தப் பொட்டியிலருந்து ஒரு பொம்பளை குரலு, 'வந்தாச்சா?'ன்னு கேக்கும். அவரு ரேடியோ எதுவோ கலக்குதுன்னாரு. அப்புறம் சுவிட்சை அணைச்சாலும் கேட்டுச்சி. கோபமா இல்லம்மா. அழுவுற மாதிரியும் இல்ல. சோறு ஆக்கிக்கினே கேக்கற மாதிரி இருக்கும். நான் ஒரு நாளு பயத்துல 'வந்தாச்சு, வந்தாச்சு'ன்னு சொல்லிட்டேன். உடனே நின்னுடுச்சி. அன்னிலருந்து நாந்தான் பதிலு சொல்லிக்கினு இருக்கேன்."

செத்தவர் குரலைத் தேடி வந்தவளுக்கு, உயிரோடு இருக்கிற தன் குரலைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஏமாற்றம் ஒரு பக்கம். அதைவிட, நான் இல்லாத வீட்டில் நான் என்ன செய்கிறேன் என்கிற நடுக்கம். நாலு பெட்டிகளுக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவையாக. ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் கோவிந்தா, குழாயில் தண்ணீர், சுகுணாவின் வளையல். நான் வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லையோ என்று தோன்றியது.

சாப்பாட்டுக்கு மேனேஜர் வந்தார். கேட் திறந்த சத்தம் நம் வீட்டுக் கேட் சத்தம் மாதிரிகூட இல்லை. இருந்தாலும் இத்தனை வருஷத்துப் பழக்கம், என் வாய் தானாகத் திறந்தது. "வந்தாச்சா?" என்றேன். என் முதுகுக்குப் பின்னால், வலது மூலையில் இருந்து, அதே நேரத்தில், அதே மூச்சில், "வந்தாச்சா?" என்றது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எதிரொலி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. எதிரொலி காத்திருந்து வரும், இது என்னோடு சேர்ந்து வந்தது. வாசலில் அந்த மனிதர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். சுகுணாதான் என்னையும் பார்த்து, மூலையையும் பார்த்து, பொறுமையாக, "வந்துட்டாரும்மா" என்றாள். எந்தப் பக்கத்துக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் குரலை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டு வர முடியுமா? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வேனில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். சித்தூர் வந்ததும் நேராகச் சாலமோன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். "என் கொரலுதானேண்ணா கேட்டுச்சி? ஏன் சொல்லல?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "செத்தவங்க கொரலுன்னா ஜெபம் பண்ணலாம் தங்கச்சி. உசுரோட இருக்கிறவளுக்கு இன்னான்னு ஜெபம் பண்றது? எந்தப் பக்கம் போன்னு சொல்றது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பழைய இடத்தில் வைத்தேன். ப்ளக் செருகவில்லை. வயர் ஒன்றும் மாட்டவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஸ்பீக்கர்கள் மட்டும் அதனதன் மூலையில் நிற்கின்றன. சில நாள் ஒன்றும் இல்லை. நான் வீட்டிலேயே இருந்தேன், யாரும் வரவில்லை, பால்காரனும் வெளியே நின்றே ஊற்றிவிட்டுப் போவான், இரும்பு கேட்டும் திறக்கவில்லை. கதை முடிந்தது, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு உனக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லி எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். உனக்குப் பிடித்த வடாம்கூடக் காயப் போட்டுவிட்டேன்.

நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன். நல்ல வெயில். கத்திரிக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு, கால் கடுக்க நடந்து வந்தேன். பூட்டின வீடு. கேட்டைத் திறந்தேன். அது தன் சத்தத்தைப் போட்டது. பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம், சமையலறை வாசல் இருக்கிற திசையில் இருந்து, "வந்தாச்சா?" என்று கேட்டது.

பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். என் குரல்தான். திரும்பிப் பார்க்காமல், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற என் குரல். அது இத்தனை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது மகனே. கோவிலில் இருந்து, கடையில் இருந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, உன்னை மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட்டு, உன் நைனாவைக் கல்லறையில் வைத்துவிட்டு, எத்தனை தடவை இந்தக் கேட்டைத் திறந்துகொண்டு நான் உள்ளே வந்திருப்பேன்? என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க ஆள் நான் ஒருத்திதான், நான்தான் வெளியே போயிருந்தேனே. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு "வந்தாச்சு" என்றேன். உள்ளே சத்தம் நின்றது. கதவைத் திறந்து போய்க் குழம்பு வைத்தேன்.

ஆகையால் டிக்கெட் எடுக்காதே. மருமகள் மேல் வருத்தம், உன் வீடு சின்னது என்று நீயாக ஒரு காரணம் கட்டிக்கொள்ளாதே. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது என்று தெரியும். ஆனால் நான் பம்பாயில் உட்கார்ந்திருக்கும்போது, இங்கே பூட்டின வீட்டில் நின்றுகொண்டு என் குரலில் பேசுகிற அவள் யாரைக் கேட்பாள்? பயமாகத்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷமும் பின்பக்கத்து வலது மூலையைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். இருந்தாலும் அவளைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனது இல்லை.

ஆபீஸிலிருந்து நீ வீட்டுக்கு வரும்போது, உள்ளே இருந்து உன் மனைவி ஏதாவது கேட்பாள். என்ன வார்த்தையில் கேட்பாளோ தெரியாது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பதில் சொல்லிவிடு. சில நாள் நீ முந்திக்கொண்டு அவளைக் கேள். அடுத்த லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வாருங்கள். கேட்டைத் திறந்ததும் உள்ளே இருந்து குரல் கேட்கும். அது நானா, அதுவா என்று ஆராயாதே. வந்தாச்சும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வா.

சுகமா இருக்கிறாயா?

உன் அம்மா